சரக்கின் குறையை மறைக்கலாமா?

 

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். தங்கள் திருக்கரத்தை அதனுள் நுழைத்துப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வியாபாரியிடம் வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். அவ்வாறாயின் வாங்குவோர் கண்ணுக்குத் தெரியும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

இந்த ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் இதிலுள்ள ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தானியம் நனைந்ததை நாயகம் அவர்கள் குற்றமாகச் சொல்லவில்லை. மழை எவர் கையிலும் இல்லை. நனைந்ததை அடியிலும் உலர்ந்ததை மேலேயும் வைத்ததுதான் குற்றம். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு, அஞ்சடிப் பெட்டிக்கடைக் காலம் முதல் நம்மவர் விற்றுவரும் ஒரு சரக்கின் வரலாற்றை இன்றைய பாடமாக எடுத்துக்கொள்வோம். அச்சரக்கு சிகரெட் என்னும் வெண்சுருட்டு.

அறிந்தும் மறைத்தார்கள்

1950இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் இரு அறிஞர்கள் லண்டன் மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்து, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு என்று வெளியிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்க மருத்துவர்களும் அவ்வாறே கண்டார்கள்.

சிகரெட் கம்பெனிகள் என்ன செய்தன? 1953 டிசம்பரில் அமெரிக்கக் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடி, ஒரு விளம்பர நிறுவனத்தின் ஆலோசனையைப் பெற்றார்கள். 1954 ஜனவரி 4ஆம் தேதி 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. தங்கள் சரக்கு தீங்கானதல்ல என்று நம்புவதாகவும், பொதுமக்கள் சுகாதாரமே தங்களுக்கு முதன்மையான பொறுப்பு என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அதன்பின் பல்லாண்டுகள் ஆராய்ச்சி என்ற பெயரால் சந்தேகத்தை வளர்த்தார்கள். 1969இல் ஒரு கம்பெனியின் உள்குறிப்பு, மக்கள் மனத்தில் ஐயத்தை உண்டாக்குவதே தங்கள் சரக்கு என்ற கருத்தை ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. வியாபாரிகளாகிய நாம் இதனைக் கூர்ந்து படிக்க வேண்டும். புகையிலையோடு ஐயத்தையும் மூட்டைகட்டி விற்றார்கள்!

1964இல் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெரி, சிகரெட் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிக்கை வெளியிட்டார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும், 1994 ஏப்ரலில், ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து, நிக்கோடின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்று சாட்சி சொன்னார்கள்.

வழக்குகள்

1954 முதல் நோயாளிகள் வழக்குத் தொடுத்தும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பயனில்லை. "நீயே விரும்பிப் புகைத்தாய்; பழியும் உன்னுடையதே" என்பது கம்பெனிகளின் வாதம். 1994இல் மிசிசிப்பி மாநிலம் புதுவழி ஒன்றைக் கண்டது. ஏழை நோயாளிகளின் வைத்தியச் செலவை மாநில அரசாங்கமே கட்டிவந்தது. அரசாங்கம் புகைக்கவில்லை, ஆனால் பணம் கட்டுகிறது. ஆகவே அப்பணத்தைத் திருப்பித் தருக என்று அது வழக்காடியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நான்கு மாநிலங்கள் தனித்தனியே உடன்படிக்கை செய்துகொள்ள, எஞ்சிய 46 மாநிலங்களோடு 1998 நவம்பரில் நான்கு பெரிய கம்பெனிகள் பொது உடன்படிக்கை செய்துகொண்டன. 25 ஆண்டுகளில் 20,600 கோடி அமெரிக்க டாலருக்குக் குறையாமல் கட்டவும், பெருந்தட்டி விளம்பரங்களையும் சிறுவரைக் கவரும் சித்திரப் பாத்திரங்களையும் கைவிடவும் இசைந்தன. வழக்குகளில் வெளிவந்த அந்தரங்கக் காகிதங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன.

அமெரிக்க மத்திய அரசாங்கம் 1999இல் தொடுத்த வழக்கில், 2006 ஆகஸ்டில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார். 1,600 பக்கங்களுக்கு மேற்பட்ட அத்தீர்ப்பு, கம்பெனிகள் பல்லாண்டுகள் கூடிச் சதிசெய்து மக்களை ஏமாற்றின என்று கண்டது. "லைட்" சிகரெட் தீங்கு குறைந்தது என்ற எண்ணத்தைப் பரப்பியதும் அவ்வேமாற்றில் ஒன்று. அளக்கும் இயந்திரம் தார் குறைவாகக் காட்டியது உண்மை; ஆனால் மனிதர் ஆழ இழுத்துக் குறைந்ததை ஈடுசெய்துகொள்கிறார். இதைக் கம்பெனிகள் அறிந்திருந்தன.

அத்தீர்ப்பின் தண்டனை யாதெனில், ஈட்டிய இலாபத்தைப் பறிக்கச் சட்டம் இடந்தரவில்லை என்று மேல்கோர்ட் முன்பே கூறியிருந்ததால், உண்மையைத் தங்கள் செலவிலேயே ஊரறியச் சொல்லும்படி நீதிபதி கட்டளையிட்டார். கம்பெனிகள் பதினோரு ஆண்டுகள் வழக்காடி, 2017இல்தான் அந்த வாசகங்களைப் பத்திரிகைகளில் வெளியிட்டன. இறுதியாக 2023 ஜூலை முதல் ஏறத்தாழ 220,000 சில்லறைக் கடைகளில் அவ்வாசகங்கள் பலகைகளாகத் தொங்கவிடப்பட்டன. 2025 ஜூன் வரை அவை இருக்க வேண்டும் என்பது உத்தரவாக இருந்தது. நனைந்த தானியம் கடைசியில் குவியலின் மேலே வைக்கப்பட்டது! வைக்கப்பட்ட இடமோ சில்லறை வியாபாரியின் கடை.

கனடாவிலும் 2025 மார்ச்சில், மூன்று கம்பெனிகள் 3,250 கோடி கனடிய டாலர் கட்டும் ஏற்பாட்டைக் கோர்ட் அங்கீகரித்தது.

நம் நாடுகளின் சட்டம்

"தயாரித்தவன் குற்றவாளி, வாங்கி விற்கும் நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். நம் இரு நாடுகளின் சட்டங்களும் கடைக்காரரையும் பொறுப்பாளியாகவே வைத்திருக்கின்றன.

சிங்கப்பூரில் 2017 ஆகஸ்ட் முதல் சிகரெட்டைக் கடையில் பார்வைக்கு வைக்கக்கூடாது. 2020 ஜூலை முதல் எல்லாப் பெட்டிகளும் ஒரே நிறத்தில், பெரிய எச்சரிக்கைப் படங்களோடு வருகின்றன. 2021 ஜனவரி முதல் 21 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக்கூடாது. ஒவ்வொரு கடைக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். தவறினால் அது பறிபோகும்.

மலேசியாவில் 852ஆம் எண் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பது குற்றம். 2025 ஏப்ரல் முதல் கடைகளில் பார்வைக்கு வைப்பதும் தடுக்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது

மலேசியத் தேசியப் ஃபத்வாக் குழு 1995 மார்ச்சிலேயே புகைப்பது ஹராம் என்று முடிவு கூறியது. விற்பனையைப் பற்றி ஐயமுள்ளவர்கள் தம் ஊர் ஆலிம்களைக் கேட்டுத் தெளிவது கடமை. ஆனால் பின்வரும் மூன்று விஷயங்களில் எவருக்கும் கருத்து வேற்றுமை இருக்க நியாயமில்லை.

முதலாவது, சிறுவர் கையில் கொடுக்கக்கூடாது. "அத்தா வாங்கிவரச் சொன்னார்" என்று தெரிந்த பிள்ளையே வந்தாலும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டும். வயதில் ஐயமிருந்தால் அடையாளக் கார்டைக் கேட்கத் தயங்கலாகாது. கல்லாவில் நிற்கும் தம்பிமாருக்கும் இதனைச் சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டாவது, உதிரியாக விற்பதும், வரி கட்டாத பெட்டிகளைப் பலகைக்கடியில் வைத்து விற்பதும் கூடாது. இது சட்டத்துக்கும் மோசம், அமானிதத்துக்கும் மோசம்.

மூன்றாவது, "இது லேசானது, ஒன்றும் செய்யாது" என்று வாடிக்கைக்காரரிடம் சொல்லக்கூடாது. அந்தப் பொய்க்காகவே கம்பெனிகள் கோர்ட்டில் தலைகுனிந்தன.

சிகரெட்டை நிறுத்தினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்னும் அச்சம் பொய்யன்று. சிகரெட்டுக்கு வருபவரே தேத்தண்ணீரும் ரொட்டியும் வாங்குகிறார் என்பதை நாம் அறிவோம். ஆயினும் பல்லாண்டு வாடிக்கைக்காரர் ஒருவர் இருமி இருமி இளைத்து, ஒருநாள் வராமற்போவதையும் நாம் கண்டிருக்கிறோம். அவருடைய மகன் அதே கடைக்கு வந்து நிற்கும்போது நாம் எதைக் கொடுக்கப்போகிறோம்? ஒரேயடியாக விட இயலாதவர்கள் ஆண்டுக்கு ஆண்டு அந்தச் சரக்கின் கொள்முதலைக் குறைத்து, அவ்விடத்தில் வேறு சரக்கை வைத்துப் பழகலாம்.

கோர்ட்டுக்குத் தப்பிய கணக்கும் மறுமையில் கேட்கப்படும். வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், சரக்கின் குறையை மறைக்காத நேர்மையையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.