சிறுநீரகம் மாற்றிய பிள்ளைக்குக் கழுத்தில் கட்டி தெரிந்தால்

"சிறுநீரகம் மாற்றினால் பின்னால் கேன்சர் வருமாமே, மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாமா?" என்று ஒரு அத்தா நம் அலுவலகத்தில் கேட்டார். பனியன் கம்பெனியில் கூட வேலை செய்பவர் சொன்னாராம். சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் எழுதுகிறோம்.

1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. இன்று கோவையிலேயே நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் உண்டு. ஆபரேஷன் முடிந்தாலும் மாத்திரை முடிவதில்லை. டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கின்றன. இல்லாவிட்டால் புதிய சிறுநீரகத்தை உடலே தாக்கிவிடும். ஆனால் கிருமிகளையும் கெட்டுப்போன செல்களையும் அழிப்பதும் அதே சக்திதான்.

பிள்ளைகளுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் பெரியவர்களில் பெரும்பாலோர் உடலில் தொந்தரவில்லாமல் தங்கியிருக்கிறது. பெற்றவர் சிறுநீரகம் கொடுக்கும்போது அதுவும் கூடவே போகலாம். அதை இதுவரை சந்திக்காத பிள்ளைக்கு, எதிர்ப்புச் சக்தி அடங்கியிருக்கும் நேரத்தில், நிணநீர்ப் புற்றுநோயாக மாறக்கூடும். நூறில் ஒன்று முதல் மூன்று பிள்ளைகளுக்கு வரலாம். முதல் வருடத்தில் ஆபத்து அதிகம். கொடுத்த அம்மா மீது இதில் எந்தக் குற்றமும் இல்லை. சில வீடுகளில் அப்படியும் பேசுகிறார்கள், அதனால் சொல்கிறோம்.

கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் கட்டி, விடாத காய்ச்சல், எடை குறைவது, டான்சில் வீங்கிப் புதிதாகக் குறட்டை, ஓயாத வயிற்றுவலி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கிச் சமாளிக்கவும் வேண்டாம்.

கட்டியில் சதை எடுத்துச் சோதித்து, நோய் உறுதியானால், டாக்டர்கள் முதலில் செய்வதும் மாத்திரையைக் குறைப்பதுதான். அவர்கள் இரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துக் குறைப்பார்கள். பல பிள்ளைகளுக்கு அதிலேயே கட்டி கரைகிறது. கரையாதவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. வீட்டில் நாமாகக் குறைத்தால் சிறுநீரகம் போய் மீண்டும் டயாலிசிஸ்தான்.

ரமலானில் மாத்திரையை சஹருக்கும் இஃப்தாருக்கும் தள்ளக் கூடாது. பன்னிரண்டு மணி நேர இடைவெளி மாறக் கூடாது. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது. பம்பளிமாஸ் வேண்டாம், மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். கருஞ்சீரகமானாலும் டாக்டரைக் கேட்டே கொடுங்கள். தடுப்பூசி போடும் நர்ஸிடம் சிறுநீரகம் மாற்றியதை முதலில் சொல்லுங்கள், எல்லா ஊசியும் இவர்களுக்கு ஆகாது.

செக்கப் நாளில் ஷிப்ட் போகிறதென்று தள்ளிப்போடுவதும் நடக்கிறது. கோவை போய்வரக் கையில் இல்லையென்றால் ஜும்ஆ முடிந்ததும் அலுவலகத்தில் சொல்லுங்கள்.