சாமி வரும் வீட்டுப் பிள்ளைகளை எழுதப்போகிறவர்களுக்கு

வானூர், மரக்காணம் பக்கத்திலிருந்து பதின்பருவத்தாருக்குக் கதை எழுத வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் கொடுத்தவற்றைப் படித்தேன். பலவற்றில் ஒரு மந்திரவாதி வருகிறான். மண்டை ஓடு, எலுமிச்சம்பழம், நள்ளிரவுச் சிரிப்பு எல்லாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அருள்வாக்குச் சொல்லும் ஒரு பெண்ணின் மகளும் இந்தக் கதையைப் பள்ளி நூலகத்தில் எடுத்துப் படிப்பாள். தன் அம்மாவை அதில் எந்த இடத்தில் காண்பாள்? அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துத்தான் இவற்றைச் சொல்கிறேன்.

1. கும்பிடுகிறவளே கதையின் நாயகியாக இருக்கட்டும். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த பையன் கோயில் திருவிழாவைப் பார்த்துப் பயந்து, பிறகு தெளிவடையும் கதைகள் போதும். அவற்றில் சாமியாடுகிறவர்கள் வேடிக்கைப் பொருளாகவே நிற்கிறார்கள். அமெரிக்காவில் ஐசபெல் பேர்ட் என்ற பெயரில் 2001 முதல் வெளிவந்த ‘சர்க்கிள் ஆஃப் த்ரீ’ வரிசையைக் கிடைத்தால் படியுங்கள். அதில் பள்ளியில் படிக்கும் மூன்று பெண்கள் விக்கா சமயத்துக்குள் வருகிறார்கள். அந்தச் சமயம் வெளியுலகுக்குத் தெரிந்தது இங்கிலாந்தில் ஜெரால்டு கார்ட்னர் மூலமாக. அங்கே பழைய சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீங்கியது, அவர் புத்தகம் 1954இல் வந்தது. தேவியையும் கொம்புடைய தேவனையும் வணங்குவார்கள். முழுநிலாவில் கூடுவார்கள். ஆண்டுக்கு எட்டுப் பண்டிகை. பிறருக்குத் தீங்கு செய்யாதே என்பது அவர்கள் நெறி. கதையில் ஒருத்தி காதலுக்காக மந்திரம் போட்டுப் பார்க்கிறாள், அது தாறுமாறாகிறது. அதன்பிறகு மூவரும் ஓராண்டும் ஒருநாளும் கற்றுக்கொள்ளத் துணிகிறார்கள். மந்திரம் பலித்ததா என்பதைவிட அந்தக் கல்விதான் தொடரைச் சுமந்து செல்கிறது.

2. சக்தியைக் காட்டும் முன் வேலையைக் காட்டுங்கள். ஒரு மரக்காணத்துப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் அம்மா விடியும் முன்பே உப்பளத்துக்குப் போகிறாள், பாத்தியில் நின்று உப்பு வாருகிறாள். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் எரிகிறது. வெயிலில் வெள்ளையாகக் கிடக்கும் அளம் கண்ணைக் கூசவைக்கிறது. அதே அம்மாதான் வெள்ளிக்கிழமை குளித்து, மஞ்சள் பூசி, உடுக்கைச் சத்தத்தில் ஆடி, வேப்பிலையால் பிள்ளைகளின் தலையைத் தடவுகிறாள். இரண்டும் ஒரே உடம்பில் நடக்கின்றன. இதை ஒரு பக்கத்திலாவது எழுதாமல் அருள் வருவதை எழுதினால் அது சினிமாக் காட்சியாகிவிடும். கோயில் வாசல் கூட்டுவது, கூழுக்குக் கேழ்வரகு அரைப்பது, பம்பைக்காரருக்கு முன்பணம் கொடுப்பது, வீட்டில் கவிச்சி நிறுத்துவது என்று ஆடி மாதமே வேலைகளால் ஆனது. காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்று பல ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. அந்த வாரம்தான் விழுப்புரத்தில் இரண்டு நாள் கபடிப் போட்டி என்று வையுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய சிக்கலை நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பேய், பில்லி சூனியம் எதுவும் இல்லாமலே நாவல் அங்கே தொடங்கிவிடும்.

3. எந்த அம்மனுக்கு எந்த நாள் என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை இரவு ஊஞ்சல். மாசி அமாவாசையில் மயானக்கொள்ளை. இருளர்கள் மாசி மகத்துப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலில் கன்னியம்மனை வணங்குகிறார்கள். கூவாகத்துக் கூத்தாண்டவருக்குச் சித்திரைப் பௌர்ணமி. நம் வட்டத்துத் திருவக்கரை வக்கிரகாளிக்கோ ஒவ்வொரு பௌர்ணமி இரவும் ஜோதி தரிசனம், கூட்டம் நெரியும். இவற்றைக் கலந்து ஓர் ‘அம்மன் கோயில்’ செய்தால் எங்கள் ஊர்க்காரர்கள் முதல் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

திருவக்கரையில் சற்று நேரம் நில்லுங்கள். வக்கிராசுரனின் தங்கை துன்முகியைக் கொல்லப் போன காளி, அவள் கருவுற்றிருந்ததால் குழந்தையை எடுத்துத் தன் காதில் குண்டலமாக அணிந்துகொண்டு, அதன்பிறகே அவளைக் கொன்றாள் என்று தலபுராணம் சொல்கிறது. அந்தக் காதைப் பார்த்து வளர்ந்த பெண் என்ன நினைப்பாள்? குழந்தையை விட்டுவைத்த தேவி என்றா, குழந்தையைக் காதில் மாட்டிய தேவி என்றா? ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்று அவள் மனம் மாறட்டும். பதில் சொல்ல நீங்கள் அவசரப்படாதீர்கள். அதே ஊரில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமை என்று புவியியலார் சொல்கிறார்கள். காலையில் அறிவியல் ஆசிரியர் அந்தப் பூங்காவுக்கு அழைத்துப்போகிறார், இரவில் அம்மா காளியிடம் அழைத்துப்போகிறாள். அவள் இரண்டு இடத்திலும் கவனமாகக் கேட்கிற பிள்ளையாக இருக்கட்டும்.

4. தீட்டைப் பற்றி எழுதக் கூச்சப்படாதீர்கள். பால்குடம் எடுக்க வேண்டிய நாளில் மாதவிலக்கு வந்துவிட்ட பெண்ணின் அழுகையை நம் இளையோர் இலக்கியம் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை. மரக்காணத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மேல்மருவத்தூரில், பள்ளி ஆசிரியராக இருந்து அருள்வாக்குச் சொன்ன பங்காரு அடிகளார், மாதவிலக்கு நாளிலும் பெண்கள் கருவறைக்குள் சென்று வழிபடலாம் என்றார். 2023 அக்டோபரில் அவர் மறைந்தபோது சிவப்புச் சேலையில் அழுதுகொண்டு போன பெண்களில் உங்கள் கதாநாயகியின் அத்தை ஒருத்தி இருக்கலாம். வீட்டில் பாட்டி ‘கூடாது’ என்கிறாள், அத்தை ‘வா’ என்கிறாள். இருவருமே சாமிக்குப் பயந்தவர்கள்.

5. சூனியக்காரி என்று ஒருத்தியைக் கதையில் யாராவது அழைத்தால், அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப் பட்டம் கட்டி அடித்தும் கொன்றும் வந்ததால்தான் பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச் சட்டம் கொண்டுவந்தன. அந்தப் பட்டத்துக்கு ஆளானவள் பெரும்பாலும் விதவை, நிலம் வைத்திருந்தவள், துணையில்லாதவள். வில்லி வேண்டும் என்பதற்காக அந்தப் பட்டத்தைத் தூக்கிப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. கதைக்குத் தேவை என்றால், கூப்பிட்டவன் யார், அவனுக்கு அதில் என்ன லாபம் என்றும் எழுதுங்கள்.

6. கறுப்புச் சட்டை அப்பாவுக்கும் நல்ல வசனம் கொடுங்கள். இங்கே அப்பா பெரியார் கூட்டத்துக்குப் போவார், அம்மா காப்புக் கட்டுவாள், ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அவர் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. கடைசி அத்தியாயத்தில் மருத்துவர் வந்து எல்லாவற்றையும் நோய் என்று முடிப்பதும் வேண்டாம், அம்மன் நேரில் வந்து அப்பாவை மடக்குவதும் வேண்டாம். மகளுக்கு இருவரையும் பிடிக்கும். அவள் வலி அதுதான்.

7. சாதியை மறைத்துவிட்டு ஊர்க்கோயிலை எழுத முடியாது. நம் மாவட்டத்து மேல்பாதி திரௌபதியம்மன் கோயில், பட்டியல் சாதி மக்களை உள்ளே விட மறுத்த தகராறில் 2023 ஜூனில் பூட்டி முத்திரை வைக்கப்பட்டது. அங்கே தெருவுக்கு ஒரு பள்ளித்தோழி இருந்திருப்பாள். கோயில் பூட்டிய மறுநாள் வகுப்பில் அவர்கள் எப்படி உட்கார்ந்தார்கள்? கொஞ்சம் பழைய காலம் வேண்டுமானால் 2003க்குப் போங்கள். 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது, 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. நேர்ந்துவிட்ட ஆட்டுக்கு அந்த ஆண்டு என்ன ஆனது என்பது ஒரு முழு நாவல். அந்த ஆட்டுக்குத் தழை போட்டு வளர்த்தவள் ஒரு சிறுமி என்றால் இன்னும் ஆழமாகும்.

8. ஆரோவில் பக்கம் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி போனால் உடனே அவளை விக்கனாக்கிவிடாதீர்கள். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய அந்த நகரம் எந்த மதத்துக்குள்ளும் அடங்க விரும்பாதது. உண்மையிலேயே விக்கப் பெண் ஒருத்தியை எழுத ஆசையா? அவள் பண்டிகைகளைக் கற்றுக்கொண்டு வாருங்கள். இந்தியாவில் அந்த வழியைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்ட கொல்கத்தாவின் இப்சிதா ராய் சக்ரவர்த்தி தன் வாழ்க்கையையே புத்தகமாக எழுதியிருக்கிறார், அதிலிருந்து தொடங்கலாம்.

9. கேட்டு எழுதுங்கள். சொல்லாதே என்றதை எழுதாதீர்கள். வீட்டுத் தெய்வமான பூவாடைக்காரிக்குப் படைக்கும்போது வீட்டார் மட்டும் அறிந்த பேச்சு உண்டு. இருளர் பூசாரி பாடுவதில் வெளியே போகக்கூடாதது உண்டு. விக்கர்களிலும் சில மரபினர் சடங்கு நூலைச் சத்தியம் செய்து காப்பார்கள். கதாநாயகி கதவை மூடிக்கொள்ளும் இடத்தில் வாசகரும் வெளியே நிற்கட்டும்.

10. எழுதி முடித்ததும் பேராசிரியரிடம் கொடுக்காதீர்கள், எனக்கும் பிறகு அனுப்பலாம். அருள்வாக்குச் சொல்லும் வீட்டுப் பெண் ஒருத்தியிடம் முதலில் கொடுங்கள். ஒன்பதாவதோ பத்தாவதோ படிப்பவளாக இருந்தால் நல்லது. தேர்வு முடியும்வரை காத்திருங்கள். ‘எங்க வீட்ல இப்படிப் பேச மாட்டாங்க’ என்று அவள் காட்டும் பக்கத்தை அவள் எதிரிலேயே அடித்துவிட்டு, எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புத்தகம் வந்தால் முதல் பிரதியோடு அவள் வீட்டுக்குப் போய்வாருங்கள்.