நட்டை இறுக்கினால் ஸ்டட் எழும்பக் கூடாது

ஹட்டனில் சிறு பட்டறை நடத்தும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "தோட்டங்களிலிருந்து பழுதுபார்க்க வரும் மருந்தடிக்கும் தாங்கிகளுக்குப் பம்பு மூடி, தோள்பட்டிக் கொளுக்கி எல்லாம் நானே பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுக்கிறேன். பிளாஸ்டிக்கில் நேரே முறுக்கிய ஆணிகள் சில மாதத்தில் புரி தேய்ந்து கழன்றுவிடுகின்றன. உலோக ஸ்டட் பதிக்கலாமா? எதை வாங்குவது?"

பதிக்கலாம் தம்பி. அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்துக்கு, புரி வெளியே நீட்டி நிற்கும் ஸ்டட்தான் சரி. மழையில் சரிவில் நின்றுகொண்டு ஒரு கையால் மூடியை ஸ்டட்டில் கொளுவிவிட்டு, மறு கையால் நட்டை ஏற்றிவிடலாம். பிளாஸ்டிக்கில் புரியே இல்லை என்பதால் தேய்வதெல்லாம் நட்டுத்தான். அதைக் கடையில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஸ்டட் வாங்கப் போகுமுன், நட்டை இறுக்கும்போது அந்த இழுப்பு எங்கே போய் முடிகிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.

ஸ்டட்டின் அடிப்பாதி, பாகத்தில் மேடாக வார்த்த பிளாஸ்டிக் குமிழுக்குள் இருக்கிறது. மூடியின் துளை அதைவிட அகலமாக இருந்தால், மூடி பிளாஸ்டிக்கின்மேல் மட்டும்தான் உட்காரும். பிறகு நட்டை இறுக்க இறுக்க, பல்லைப் பிடுங்குவதுபோல ஸ்டட் மேலே எழும்பி வரும். துளையைப் புரி நுழையும் அளவுக்கு மட்டும் வையுங்கள். அப்போது மூடி ஸ்டட்டின் உலோகத் தோளில் உட்காரும். குமிழுக்கு இழுப்பே போகாது. மூடியும் பிளாஸ்டிக் என்றால் அதன் துளைக்குள் ஓர் உலோகக் குழாய்த் துண்டு வேண்டும். அழுத்தம் பட்ட பிளாஸ்டிக் நாளடைவில் தணிந்து கொடுக்கும். யாரும் தொடாமலே நட்டுத் தளர்ந்துவிடும்.

பின்பக்கம் கை போகும் இடமானால் தலை உள்ள ஸ்டட்டைப் பின்னாலிருந்து செருகுங்கள். இறுக்கும்போது தலை பிளாஸ்டிக்கை இன்னும் நெருக்கிப் பிடிக்கும். தோள்பட்டிக் கொளுக்கிக்கு இதைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். 16 லிட்டர் தாங்கி நிரம்பினால் உள்ளே இருப்பது மட்டுமே 16 கிலோ. அதைச் சுமந்து ஒருவர் ஈர மலையில் ஏறுகிறார். கொளுக்கி பிடுங்கிக்கொண்டால் மருந்து அவர் முதுகில்தான் கொட்டும். முதுகுப் பக்கம் நீட்டும் ஸ்டட்டுக்கு முனை மூடிய குவிநட்டுப் போடுங்கள். வெறும் புரி முனை தோலைக் கிழிக்கும்.

தாங்கியின் சுவரில் சூடுகாட்டி ஸ்டட் பதிக்கவே வேண்டாம். ஊதி வார்த்த சுவர் மெல்லியது; தடிப்பும் இடத்துக்கு இடம் மாறும். அங்கே துளையிட்டு, உள்ளிருந்து தலை உள்ள ஸ்டட்டும் ரப்பர் வாசரும்தான் வழி.

நீங்கள் வார்க்கும் பாகத்தில் குமிழின் வெளிவிட்டம், பதியும் துண்டின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். துளை, பதியும் நீளத்தைவிட ஒரு மில்லிமீட்டர் ஆழமாக வேண்டும்; உருகிய பிளாஸ்டிக் ஒதுங்க இடம் வேண்டுமல்லவா? சொரசொரப்பு நேர்க்கோடாக வெட்டிய ஸ்டட் சுழலாது, ஆனால் பிடுங்கினால் வந்துவிடும். சாய்கோடுகளாக வெட்டி நடுவில் ஒரு பள்ளம் விட்டதைக் கேளுங்கள். பள்ளத்தில் இறங்கி உறையும் பிளாஸ்டிக் பூட்டுப்போலப் பிடிக்கும்.

எந்த உலோகம் என்ற கேள்விக்கு மலையகத்தில் தனிப் பதில் உண்டு. கொப்புள நோய் 1946இல் இலங்கைத் தேயிலைக்கு வந்தது. அதற்கு அடிக்கும் மருந்துகளில் முக்கியமானவை செம்பு சேர்ந்தவை. கரைந்த செம்பு அலுமினியத்தில் படிந்தால், படிந்த இடத்தைச் சுற்றி அலுமினியம் குழிகுழியாக அரித்துப்போகும். துத்தநாகம் பூசிய இரும்பிலும் முதலில் பூச்சுப் போகும், பிறகு துரு. ஆகவே இரண்டும் வேண்டாம்.

பித்தளை செம்புக்கு அஞ்சாது. அதன் எதிரி அமோனியா. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரித்தானியப் படையினர் மழைக்காலத்தில் குதிரைக் கொட்டில்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் வைத்த இடத்திலேயே கீறல் விட்டன. மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவும், உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல்தான் விளங்கியது. ஈரம் பட்ட யூரியாவும் சிதைந்து அமோனியாவை விடும். உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் தாங்கியை வைத்துப் பூட்டிவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறதா என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள். இருந்தால் துருப்பிடிக்காத எஃகுதான், முடிந்தால் 316 தரம். விலை உறுத்தும், ஆனாலும் மருந்து படும் இடத்தில் அதைக் குறைக்காதீர்கள். எஃகு நட்டும் எஃகு ஸ்டட்டும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும் என்பதால் புரியில் கொஞ்சம் கிரீஸ் தடவிக் கொடுங்கள். பித்தளையை சுவிட்ச் பெட்டிபோன்ற உலர்ந்த வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக்கையும் பாருங்கள். ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் நுவரெலியாவில் உறைபனி படிகிறது. சாதாரண பொலிபுரோப்பிலீன் நொறுங்கும் தன்மைக்கு மாறுவதும் ஏறக்குறைய அதே 0 பாகையில்தான். கொழும்பில் வருடக்கணக்கில் உழைக்கும் குமிழ், இங்கே ஒரு காலையில் கல்லில் விழுந்து பிளந்துபோகும். கோபொலிமர் வகையைக் கேட்டு வாங்குங்கள். வார்க்கும்போதே ஸ்டட்டை அச்சில் வைப்பதானால் அதை முன்கூட்டிச் சூடாக்குங்கள். ஆறும்போது பிளாஸ்டிக் எஃகைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் சுருங்கும். குளிர்ந்த ஸ்டட்டைச் சுற்றி அந்த இறுக்கம் நிரந்தரமாகத் தங்கிவிடும். உங்களைப்போல் சிறு எண்ணிக்கையில் செய்பவர்களுக்கு, வார்த்த பிறகு சூட்டில் பதிப்பதே இலகு.

அப்படிப் பதிக்கும்போது புரியின் நுனியில் சூட்டுக்கோலை வைத்து அழுத்தாதீர்கள், புரி நசுங்கும். கோலின் முனை உள்ளே துளையுள்ளதாக இருக்க வேண்டும். புரி அந்தத் துளைக்குள் போக, முனை தோளில் மட்டும் பட வேண்டும். மெதுவாக இறக்குங்கள். கடைசி அரை மில்லிமீட்டருக்குச் சூட்டை எடுத்துவிட்டு, துளையிட்ட குளிர்ந்த தகட்டால் அழுத்தினால் மட்டமாக உட்காரும். முழுதாக ஆறும்வரை நட்டைத் தொடக் கூடாது.

புரி அளவைத் தெரிவுசெய்யும்போது தோட்டத்து நினைவும் வேண்டும். நம் பெக்டரிகளில் பெல்ஃபாஸ்டில் செய்த சிரோக்கோ தேயிலை உலர்த்திகளின் காலத்திலிருந்து அங்குலப் புரிகள் கிடக்கின்றன. 1841இல் விட்வர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் வகுத்த அளவுகள் அவை. கால் அங்குல விட்வர்த் நட்டை எம்6 ஸ்டட்டில் அவசரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். ஒன்றின் புரி இடைவெளி 1.27 மில்லிமீட்டர், மற்றதற்கு 1. பொருந்தாத நட்டு ஆடிக்கொண்டே புரியைத் தின்றுவிடும். எம்6ஐயே எல்லாப் பாகத்துக்கும் வைத்து, இரண்டு உபரி நட்டுகளைப் பையில் போட்டுத் தாங்கியோடு கட்டிக் கொடுங்கள்.

முதல் அச்சில் பத்துப் பாகம் வார்த்து, ஐந்தை வேண்டுமென்றே உடையுங்கள். ஸ்டட் சுழன்றால் விட்டத்தைக் கூட்டுங்கள். பிடுங்கி வந்தால் நீளத்தைக் கூட்டுங்கள். குமிழ் பிளந்தால் சுவரைத் தடிப்பாக்குங்கள். பிளாஸ்டிக் அசையாமல் நிற்க நட்டின் புரியே முதலில் போனால் பாகம் தேறிவிட்டது. மிச்ச ஐந்தை ஒரு ராத்திரி வெளியே பனியில் வைத்து, விடியற்காலையில் அதே சோதனையைச் செய்யுங்கள்.