வளிச்சீராக்கியின் வெப்ப உணரி: உப்புக்காற்றுப் பகுதிகளில் பழுது காணும் முறை

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகள் 30ஐயும் சுழற்றுவது எமது கடற்காற்று. அதே காற்றுத்தான் தலைமன்னார் தொடக்கம் வங்காலை வரை கதவுப் பிணைச்சலிலும் சைக்கிள் சங்கிலியிலும் கடலுப்பைக் கொண்டுவந்து பூசுகிறது. இரும்பு துருப்பிடிப்பதை நாம் கண்ணாற் காண்கிறோம். கண்ணுக்கு எட்டாத ஓரிடத்தில் இந்த உப்பு செய்கின்ற வேலையைப் பற்றியே இப்பாடம்.

முன்னர் வங்கிகளிலும் பெரிய அலுவலகங்களிலும் மாத்திரம் இருந்த வளிச்சீராக்கி, அதாவது ஏ.சி., இன்று எமது கிராமங்களிலும் சில வீடுகளுக்கு வந்துவிட்டது. படுக்கையில் இருக்கும் தகப்பனுக்காக வெளிநாட்டிலுள்ள பிள்ளை பணம் அனுப்பிப் பூட்டுவித்தவையும் இவற்றுள் உண்டு. ஆகவே இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மின்கட்டணம் 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் உயர்ந்தபோது, பழுதோடு ஓடுகின்ற இயந்திரம் என்ன செலவு வைக்கும் என்பதைப் பல குடும்பங்கள் உணர்ந்தன.

குளிர் வரவில்லை என்றதும் வழமையாக நடப்பது என்ன? முதலில் காஸ் நிரப்புவார்கள். "தம்பி, காஸ் போட்டும் குளிரேல்லையே" என்று வீட்டுக்கார அம்மா சொன்னால், அடுத்ததாக மின்சுற்றுப் பலகையை மாற்றவேண்டும் என்பார்கள். ஒரு மீனவக் குடும்பத்தின் பல நாள் உழைப்பு அந்தப் பலகையிலே போய்விடும். உண்மையில் பழுதாகியிருப்பது, பலகையின் விலையில் மிகச் சிறு பங்கு பெறுமதியுள்ள, மிளகளவான ஒரு மணியாக இருக்கக்கூடும். அந்த மணிதான் வெப்ப உணரி. திருத்துவோர் இதனை சென்சர் என்பர்.

உள் இயந்திரத்தில் பொதுவாக இரண்டு உணரிகள் உண்டு. ஒன்று, அறையின் காற்று உள்ளே இழுக்கப்படும் இடத்தில், வடிகட்டிக்குப் பின்னால் தொங்கும். மற்றையது செப்புக் குழாயுடன் ஒட்டிய சிறு குழலுக்குள் செருகப்பட்டிருக்கும். இன்வேர்ட்டர் வகையில் வெளி இயந்திரத்திலும் மேலும் சில இருக்கும். இப்பாடத்தில் அறை உணரியையே முதன்மையாக எடுத்துக்கொள்வோம்.

வெப்பம் கூடும்போது சாதாரண உலோகக் கம்பியின் மின்தடை கூடும். இந்த மணியிலோ அது குறையும். சில பொருட்களில் இவ்வாறு நடப்பதை மைக்கல் பரடே 1833ஆம் ஆண்டிலேயே வெள்ளிச் சல்பைட்டில் கண்டறிந்தார். வீட்டு இயந்திரங்களில் பெரிதும் காணப்படும் அறை உணரி 25 பாகை செல்சியசில் 10 கிலோ ஓம் தடை காட்டும். 30 பாகையில் அது ஏறத்தாழ 8 கிலோ ஓமாக இறங்கும். பனிக்கட்டியின் குளிரில், அதாவது 0 பாகையில், 27 முதல் 33 கிலோ ஓம் வரை ஏறும். 5, 15, 20 கிலோ ஓம் வகைகளும் உள்ளன. எனவே எந்த வகை என்பதை முதலில் அறிந்துகொள்க. பலகைக்கு வெப்பம் தெரியாது. அதற்குத் தெரிவது தடை மாத்திரமே. தடையைப் பார்த்து வெப்பத்தை ஊகிக்கிறது.

இனி உப்பின் வேலையைப் பார்ப்போம். உணரியின் வயர் பலகையிலே ஒரு சிறு செருகியால் இணைகிறது. அச்செருகியின் ஊசிகளில் களிம்பு பிடித்தால் வழியில் மேலதிகத் தடை ஒன்று சேரும். அறை உண்மையில் 30 பாகை. மணியின் தடை 8 கிலோ ஓம். களிம்பு 2 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். பலகை காண்பது 10 கிலோ ஓம். அறை 25 பாகைக்கு வந்துவிட்டது என்று அது முடிவுசெய்யும். நீங்கள் 26 என்று வைத்திருந்தால் கொம்பிரசரை நிறுத்திவிடும். வியர்வையில் இருப்பவர் காஸ் இறங்கிவிட்டதென்று நினைப்பார்.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. வாடைக்கால ஈரத்தில் உப்புப் படிவு நனைந்தால், இரண்டு ஊசிகளுக்கும் இடையே மின்சாரம் கசிய ஒரு பக்கவழி உண்டாகும். 10 கிலோ ஓம் மணிக்குப் பக்கத்தில் 40 கிலோ ஓம் கசிவு இருந்தால் மொத்தத் தடை 8 கிலோ ஓம். அறை 25 பாகையில் குளிர்ந்திருந்தும் 30 என்று பலகை நம்பும். கொம்பிரசர் நிற்காமல் ஓடும்; மாத முடிவில் மின்பட்டியல் வந்து உண்மையைச் சொல்லும்.

இந்த இரண்டு பழுதுக்கும் பெரும்பாலான இயந்திரங்கள் எந்த அடையாள எழுத்தும் காட்டமாட்டா என்பதை வாசகர் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். வயர் முற்றாக அறுந்தால் அல்லது முற்றாக ஒட்டிக்கொண்டால்தான் எழுத்துத் தோன்றும். அதுவும் கம்பனிக்குக் கம்பனி வேறு. அறை உணரிக்கு டெய்கின் காட்டுவது சி9, கிறீ காட்டுவது எவ்1, எல்.ஜி. காட்டுவது சி.எச்.01. கைநூலைப் பாராமல் ஊகிப்பது சரியல்ல.

காஸ் குறைவையும் உணரிப் பழுதையும் பிரித்தறிவது கடினமன்று. இயந்திரத்தைப் போட்டுவிட்டு அருகில் நில்லுங்கள். சில நிமிடம் நல்ல குளிர்க்காற்று வந்து, அறை வெக்கையாய் இருக்கும்போதே வெளி இயந்திரம் நின்றுவிடுமானால் உணரியைச் சந்தேகிக்கலாம். வெளி இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க, வரும் காற்றில் குளிர் இல்லாமல், மெல்லிய குழாயில் பனி படிந்திருந்தால் காஸ் குறைந்திருக்கலாம். வடிகட்டியைக் கழுவினீர்களா என்பதை இரண்டுக்கும் முன்னர் கேட்டுக்கொள்ளுங்கள். சில றிமோட்டுகளுக்குள்ளேயே ஓர் உணரி உண்டு. அந்த வசதியைப் போட்டுவிட்டு றிமோட்டை வெயில் விழும் யன்னலில் வைத்தால் இயந்திரம் ஓயாமல் ஓடும். அது பழுதே அல்ல.

சோதனைக்கு வேண்டியவை ஒரு மல்ரிமீற்றர், வீட்டு வெப்பமானி, ஒரு கோப்பை பனிக்கட்டி. பனிக்கட்டிக்கு எங்கும் போகத் தேவையில்லை. மீன் பெட்டிக்கு வாங்கியதில் ஒரு துண்டு போதும். தொடங்குமுன் சுவர் ஆளியை மாத்திரம் நம்பாது பிரதான ஆளியையும் நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்திருங்கள். சில பலகைகளில் உணரி வயரே 230 வோல்ற் மின்னோடு தொடர்புடையது. கொள்ளளவிகளிலும் மின் தேங்கி நிற்கும். உறையைத் திறந்து பழக்கமில்லாதவர் பயிற்சி பெற்ற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

செருகியைக் கழற்றி, உணரியின் இரு முனைகளிலும் தடையை அளந்து, வெப்பமானியோடு ஒப்பிடுங்கள். பின்னர் மணியை விரலிடையே பிடியுங்கள். அளவு சீராகக் குறையவேண்டும். தாவித்தாவி ஆடினால் மணியோ வயரோ பழுது. அடுத்து, இடித்த பனிக்கட்டியில் சிறிது தண்ணீர் விட்டு, மெல்லிய பொலித்தீன் பைக்குள் மணியை வைத்து ஐந்து நிமிடம் அமிழ்த்துங்கள். செருகி நனையக்கூடாது. மேலே சொன்ன அளவு வந்தால் மணி நல்லது.

மணி நல்லதென்றால் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. களிம்பு இருப்பது செருகி பலகையோடு தொடும் இடத்தில். கழற்றி அளக்கும்போது அது அகப்படாது. செருகியை மூன்று நான்கு தரம் கழற்றிப் பூட்டி இயந்திரத்தை ஓடவிடுங்கள். நடத்தை மாறினால் குற்றவாளி செருகிதான். ஐசோபுரோப்பைல் அற்ககோலும் மென்மையான பழைய பற்தூரிகையும் கொண்டு துப்புரவு செய்து, நன்கு உலரவிடவேண்டும். அரத்தாளால் தேய்ப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஊசியின் மேற்பூச்சு போய்விடுவதால் அடுத்த களிம்பு இன்னும் விரைவாக வரும்.

பலகையைச் சோதிக்கவும் வழியுண்டு. உணரிக்குப் பதிலாகச் சாதாரண 10 கிலோ ஓம் தடையொன்றைச் செருகியில் இணைத்துவிட்டு, உறையை மூடி மின்னைக் கொடுங்கள். பழுதெழுத்து மறைந்தால் பலகை நல்லது. புதிய பலகை வாங்கவேண்டாம். எழுத்து நிலைத்திருந்தால்தான் பலகையைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. ஆனால் இது சோதனைக்கு மாத்திரம். அத்தடையை அப்படியே விட்டுச் செல்வது மோசமான வேலை. அறை எப்போதும் 25 பாகை என்று இயந்திரம் நம்பும். 24இல் வைத்தால் நிற்காது, 27இல் வைத்தால் குளிராது. குழாய் உணரியில் இதைச் செய்தால் பனி கட்டுவதைத் தடுக்கும் காவல் போய்விடும். கொம்பிரசரின் வெளியேற்றக் குழாய் உணரியில் செய்தால் கொம்பிரசரே எரியலாம்.

புதிய உணரி வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மீற்றரால் அளந்து வாங்குங்கள். 10 கிலோ ஓம் இடத்தில் 5 கிலோ ஓம் உணரியைப் போட்டால் அறை 40 பாகைக்கு மேல் என்று இயந்திரம் எண்ணி ஓயாது ஓடும். குழாய் உணரியானால் மணி குழலுக்குள் முழுதாகச் செல்லவேண்டும். அறை உணரியானால் குழாயைத் தொடாமல் அதன் பழைய பிடியிலேயே நிற்கவேண்டும். செருகியைப் பூட்டியபின் அதன் வாயில் சிறிது சிலிக்கன் கிறீஸ் தடவினால் உப்பீரம் உட்புகாது. வெளி இயந்திரத்திலும் இவ்வாறே செய்து, பலகைப் பெட்டியில் எறும்பும் பல்லியும் நுழையும் துவாரங்களையும் அடைத்துவிடுங்கள். காற்றுப் போக்கிற்கென விடப்பட்ட வெட்டுகளை மாத்திரம் அடைக்கவேண்டாம். சோளகம் ஓய்ந்தபின் ஒருமுறையும் வாடை மழை முடிந்தபின் ஒருமுறையும் செருகிகளைத் திறந்து பார்த்தால் போதும்.