கேப்டனைக் கூப்பிடு

ரிச்சர்ட்ஸ் டவுன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

வெள்ளிக்கிழமை ஆபீஸ் டின்னர், ஐந்து கோர்ஸ் சாப்பாடு, போகாமல் இருக்க ஒரு காரணம் சொல்லிக் கொடுங்கள் அத்தை என்று எழுதியிருக்கிறாய். சீலியாக், அதாவது கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் குடலுக்கு ஆகாத நம் நோய், எனக்கு இருக்கிறது என்று தெரிந்த முதல் வருடம் நானும் எத்தனையோ காரணம் சொன்னேன். தலைவலி, விரதம், ஒருமுறை உன் மாமாவுக்கு இல்லாத காய்ச்சல். அதனால் காரணம் தரமாட்டேன். போய்ச் சாப்பிட்டுவிட்டு வர வழி சொல்கிறேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. பெயர் வேண்டாம், பழைய பங்களாவை மாற்றிக் கட்டிய பெரிய இடம். பொரித்த மீன் கேட்டேன். "குளூட்டன் ஃப்ரீதானே?" என்றேன். சர்வர் பையன் முகம் மலர்ந்து, "யெஸ் மேடம், நோ சுகர்" என்றான். நானும் சிரித்துவிட்டுச் சாப்பிட்டேன். மொறுமொறுப்பு வர மீனை மைதாவில் புரட்டியிருக்கிறார்கள். மூன்று நாள் படுக்கை.

அவனைக் குறை சொல்லி என்ன பயன்? 2016இல் வந்த ஆய்வில் வட இந்தியாவில் சுமார் நூறு பேரில் ஒருவருக்கு சீலியாக். தெற்கில், வேலூர்ப் பக்கம் பார்த்ததில், பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான். இத்தனைக்கும் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு எல்லாப் பகுதியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. வித்தியாசம் தட்டில். அங்கே நாளுக்கு 455 கிராம் கோதுமை, இங்கே 25. அந்தப் பையன் தன் வாழ்நாளில் நம்மைப் போல ஒருத்தியைப் பார்த்திருக்கவே மாட்டான்.

ஆகவே குளூட்டன் என்ற வார்த்தையை வாசலிலேயே விட்டுவிடு. கோதுமை, மைதா, ரவை, பார்லி என்று பொருளின் பெயரைச் சொல். சர்வரிடம் அல்ல, அவர்களை மேற்பார்க்கும் கேப்டனிடம். அதுவும் கூட்ட நேரத்தில் வேண்டாம்; முதல் நாளே, மதியம் மூன்று மணிக்கு மேல், கிச்சன் ஓய்ந்திருக்கும்போது போன் போடு. "ஜெயின் கஸ்டமர் வந்தால் எப்படித் தனிக் கடாய், தனிக் கரண்டி வைப்பீர்களோ, அப்படி எனக்கு வேண்டும்" என்று கேள். நம் ஊர் சமையலறைக்கு ஒதுக்கி வைப்பது தெரியாத வித்தை இல்லை. சைவத்தில் அசைவக் கரண்டி படக்கூடாது என்றால் ஒரு வார்த்தைக்கு மேல் விளக்க வேண்டியதில்லையே. அந்தக் கூச்சத்தைத்தான் மாவுக்கும் காட்டச் சொல்கிறோம்.

அப்புறம் எண்ணெய். வெறும் உருளைக்கிழங்கு வறுவல்தானே என்று நினைப்பாய். அதே ஃபிரையரில் முன்னால் மாவில் தோய்த்த வெங்காய வளையம் பொரித்திருப்பார்கள். காய்கறியைக்கூட சில இடத்தில் பாஸ்தா வெந்த தண்ணீரிலேயே காட்டி எடுப்பார்கள். சோயா சாஸில் கோதுமை உண்டு. தென்னிந்தியச் சாப்பாடு என்றால் நிம்மதி என்றும் இருந்துவிடாதே. கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், சாம்பார், ரசம் இரண்டிலும் அது விழும். ஃப்ரேசர் டவுன் மசூதி ரோட்டில் ரம்ஜான் மாதம் மணக்கும் ஹலீமும் கோதுமைதான். அந்த வாசனை என்னை இன்னும் நிறுத்திவிடுகிறது, அது வேறு விஷயம்.

"கொஞ்சம் சாப்பிட்டால் என்ன?" என்று மேஜையில் யாராவது கேட்பார். இத்தாலியில் 2007இல் செய்த ஆய்வில் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன், மூன்று மாதம், அதுவே குடலைப் பாதித்தது. ஒரு பிரெட் துண்டில் இரண்டு கிராமுக்கு மேலே இருக்கும். குளூட்டன் ஃப்ரீ என்று பாக்கெட்டில் போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இங்கே சட்டம். இதையெல்லாம் மேஜையில் பிரசங்கம் செய்யாதே. "எனக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்று.

கோயிலிலும் இதே கதைதான். குளூட்டன் அறவே இல்லாத அப்பம் நற்கருணைக்கு ஆகாது, குறைவாக உள்ளது ஆகும் என்று 2017இல் ரோம் திரும்பவும் சொன்னது. நான் கிண்ணத்திலிருந்து மட்டும் வாங்குகிறேன். ஃபாதரிடம் சொல்லத் தயங்கியது இரண்டு மாதம். அவர் தலையாட்ட ஆனது இரண்டு விநாடி.

பெரிய இடத்தில் ஒரு வசதி உண்டு, கண்ணு. ஐம்பது பேருக்கு அண்டாவில் கிளறி வைப்பதில்லை. உன் தட்டுக்கென்று ஒருவர் நின்று சமைக்கிறார். அதற்குத்தான் அந்த பில். கேட்பதற்குக் கூசாதே. கேப்டன் ஷெஃபிடம் போய்த் திரும்பி வந்து பதில் சொன்னால் நம்பு. நின்ற இடத்திலேயே "நோ ப்ராப்ளம் மேடம்" என்றால் மறுபடி கேள். அப்போதும் நழுவினால் ஒரு லைம் சோடாவோடு நிறுத்திக்கொள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை வீட்டுக்கு வா. ராகி முத்தே செய்து வைக்கிறேன். கோதுமை அரைக்கிற மில்லில் கொடுத்த மாவு இல்லை, நானே வீட்டில் அரைத்தது.

அன்புடன்,
அத்தை