ரோபோ குரலுக்குள்ளே ஒரு மனுஷன்

இந்த இதழில் ஒரு மியூசிக் ஆல்பத்தைப் பிரிச்சு மேய்வோம். பயப்படாதீங்க, சிக்னல்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்களுக்கும் இது புரியும்.

1978-ல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரைச் சேர்ந்த கிராஃப்ட்வெர்க் குழு 'தி மேன் மெஷின்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. மனிதனும் இயந்திரமும்தான் அதன் கரு. மொத்தம் ஆறே பாட்டு. முதல் பாட்டு 'தி ரோபாட்ஸ்'. அதுல வர்ற உலோகக் குரலைக் கேட்டப்போ, கம்ப்யூட்டரே பாடுதுன்னு நினைச்சேன். இல்லை. பேசுவது மனுஷன்தான். நடுவில் இருப்பது வோகோடர்.

வோகோடர் இசைக்காகப் பிறந்த கருவி இல்லை. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஹோமர் டட்லி உருவாக்கியது. டெலிபோன் பேச்சைக் குறைந்த பேண்ட்விட்த்தில் அனுப்புவதுதான் நோக்கம். இரண்டாம் உலகப் போரில் ரகசியப் பேச்சுவார்த்தைக்கும் பயன்பட்டது.

அது வேலை செய்யும் விதம்:

1. உங்க குரலை பேண்ட்பாஸ் ஃபில்டர்கள் பல அலைவரிசைகளாகப் பிரிக்கும்.

2. ஒவ்வொரு அலைவரிசையிலும் சத்தம் எப்படி ஏறி இறங்குதுன்னு மட்டும் அளக்கும். அதுதான் என்வலப்.

3. சின்தசைசர் ஒலியையும் அதே மாதிரி பிரித்து, அந்தந்த என்வலப்பால் பெருக்கிக் கூட்டும்.

சுருதி சின்தசைசருடையது. வார்த்தை உங்களுடையது. அதனால் நீங்க கிசுகிசுன்னு பேசினாலும் ரோபோ சுருதியோட பாடும். நீங்க வாயை மூடினால், எல்லா என்வலப்பும் பூஜ்ஜியம். ரோபோவும் ஊமை.

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்டுக்கு பைத்தானில் ஒரு வோகோடர் எழுதினேன். டெஸ்ட் பண்ண 'வாழைப்பழம்'னு சொன்னேன். ஹெட்போன்ல 'வாலப்பலம்'னு வந்துச்சு. எட்டு ஃபில்டர் பத்தலைன்னு இருபதாக்கினேன். மத்த எழுத்தெல்லாம் தெளிவாச்சு, ஆனா 'ழ' மட்டும் வரவே இல்லை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கோடுல பக் தேடினேன்.

கடைசில பக்கத்து ரூம் நண்பனை எழுப்பிப் பேசச் சொன்னேன். தூக்கக் கலக்கத்துல ஒரே ஒரு தடவை சொன்னான். ரோபோ அழகா, சுத்தமா 'வாழைப்பழம்'னு சொல்லுச்சு!

பக் கோடுல இல்லை, என் நாக்குல. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பன்னிரண்டு வருஷத்தில் யாரும் என்னைத் திருத்தவில்லை, நானும் கவனிக்கவில்லை. மெஷினும் திருத்தாது. கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கும்.

இப்போ அந்தப் பாட்டைக் கேட்கும்போது எனக்கு ரோபோ கேட்கலை. மைக் முன்னாடி நின்னு, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தமா உச்சரிக்கிற ஒரு மனுஷன்தான் கேட்கிறான்.

உங்களுக்கு ஒரு வேலை: நீங்களும் ஒரு வோகோடர் எழுதிப் பாருங்க. கேரியரா சைன் வேவ் வேண்டாம், அதுல ஒரே ஒரு அலைவரிசைதான் இருக்கும். ஹார்மானிக்ஸ் நிறைய உள்ள சாடூத் வேவ் எடுங்க. முதல் வார்த்தையா 'வாழைப்பழம்' சொல்லுங்க.

நான் இன்னும் பயிற்சியில்தான் இருக்கேன்.