வெண்ணெய் கெடுவதும் அதனை அறியும் முறையும்

கறவை மாடுள்ள குடும்பங்களில் அன்றன்று கடைந்தெடுத்த வெண்ணெயை ஒரே சட்டியிற் சேர்த்துவைத்து, சந்தைக்கு முந்திய இரவில் உருக்குவது பல ஊர்களில் வழக்கம். ஏழு நாள் வெண்ணெய் ஒன்றாக உருகும்பொழுது, நெய்யின் தரத்தை நிர்ணயிப்பது கடைசி நாள் வெண்ணெயன்று. முதல் நாள் வெண்ணெயே. வியாபாரி முகர்ந்து பார்த்து விலையைக் குறைத்தால், குடியானவர் அதைத் தரகுத் தந்திரமென்று எண்ணுகிறார். சில சமயம் அவ்வாறும் இருக்கலாம். பெரும்பாலும் குற்றம் சட்டியிலேயே இருக்கிறது.

வெண்ணெய் முழுதும் கொழுப்பன்று. பண்ணைகளில் இயந்திரத்தாற் செய்யும் வெண்ணெயில் 100-க்கு 80 பங்குக்குக் குறையாமல் கொழுப்பும், 16 பங்குக்கு மேற்படாமல் நீரும் இருத்தல் வேண்டும். மத்தினாற் கடைந்த வெண்ணெயில் நீர் பெரும்பாலும் இதனினும் அதிகம். அந்நீரில் மோரின் சத்துக்கள் தங்கியிருப்பதால் கிருமிகளுக்கு அதுவே ஆகாரமாகிறது. நீர் நுண்ணிய துளிகளாகக் கொழுப்பினுள் சிதறி நின்றால், ஒரு துளியிலுள்ள கிருமி அடுத்ததற்குச் செல்ல வழியில்லை. பெருந்துளிகளாகத் தேங்கினால் விரைவிற் பெருகும். ஆகையால் வெண்ணெயைக் கழுவுவதோடு நில்லாமல், மரக்கரண்டியால் அழுத்திப் பிசைந்து நீரை வடித்தலும் அவசியம். கழுவும் நீர் கொதித்து ஆறியதாக இருத்தல் நலம். கிணற்று நீரை அப்படியே ஊற்றினால், மோரை நீக்கிவிட்டு வேறு கிருமிகளைக் குடியேற்றியதாக முடியும்.

உப்பு வெண்ணெயைக் காப்பது எவ்வாறெனில், அது கொழுப்பிற் கரையாது, நீரில் மட்டுமே கரையும். 100 பங்கு வெண்ணெயில் இரண்டே பங்கு உப்பிட்டாலும், அதிலுள்ள 16 பங்கு நீருக்கு அது எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. அத்தகைய உப்பு நீரிற் பல கிருமிகள் பெருக மாட்டா.

வெண்ணெய் கெடும் வழிகள் முக்கியமாக இரண்டு. கிருமிகளாலும் பாலிலேயே உள்ள நொதியாலும் கொழுப்பு பிளந்து அமிலங்கள் பிரிவது ஒன்று. இதனால் மூக்கைத் தாக்கும் சிக்கு வாடையும், தொண்டையிற் காறலும் உண்டாகின்றன. காற்றிலுள்ள பிராணவாயு கொழுப்பைத் தாக்குவது மற்றொன்று. இதனாற் பழைய மாட்டுக்கொழுப்பைப் போன்ற வாடை எழும். வெயிலும் வெளிச்சமும் இதனைத் துரிதப்படுத்தும். செம்பும் இரும்பும் அவ்வாறே செய்யுமாகையால், ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரம் வெண்ணெய்க்கு ஆகாது. மூடிய மண்கலமோ, பீங்கானோ, துருவேறா எவர்சில்வரோ ஏற்றது.

உப்பிடாத நாட்டு வெண்ணெய் கோடையில் வெளியில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். நீர் மாற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மார்கழி, தையில் இன்னும் ஒரு நாள் கூடலாம். குளிர்ப்பெட்டியில் நன்கு கழுவிய வெண்ணெய் ஒன்றிரண்டு வாரமும், உப்பிட்டது அதனினும் நெடுநாளும், உறைநிலைப் பெட்டியிற் சில மாதங்களும் இருக்கும். ஆனால் வெண்ணெய் அயல் வாசனையை எளிதில் ஏற்கும். வெங்காயத்துக்கும் கருவாட்டுக்கும் பக்கத்தில் மூடாமல் வைத்துவிட்டுப் பின்னர் மாட்டின் தீனியைக் குறை கூறுவதிற் பயனில்லை.

சோதிக்கும்போது மேற்புறத்தை மட்டும் முகர்தல் போதாது. உருண்டையைக் கத்தியாற் பிளந்து பார்க்க வேண்டும். மேல்தோல் உட்புறத்தைவிட மஞ்சளாகத் தெரிந்தால் அது உலர்ந்து பழசாகியதற்கு அடையாளம். எருமை வெண்ணெய் இயல்பாகவே வெள்ளையாதலால் இம்மாறுதல் அதில் எளிதிற் புலப்படும். பசு வெண்ணெயிற் கூர்ந்து நோக்க வேண்டும். பின்னர்ச் சிறிது எடுத்து உள்ளங்கையிற் தேய்த்துச் சூடேறியதும் முகர்ந்தால் மறைந்திருந்த வாடை வெளிப்படும். மோர்ப்புளிப்பு வேறு, சிக்கு வேறு; தயிர் வெண்ணெயில் இலேசான புளிப்பு குற்றமன்று. பச்சை, கறுப்பு, சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் அது பூஞ்சணம். அப்பகுதியை மாத்திரம் சுரண்டி எறிவது தகாது. முழுவதையும் நீக்கிவிட வேண்டும்.

உருக்கினால் எல்லாம் சரியாகிவிடுமென்பது தவறான நம்பிக்கை. கொதியிற் கிருமிகள் மடியும். வாடையும் சற்றுக் குறைந்ததுபோலத் தோன்றும். ஆயினும் பிரிந்த அமிலங்களிற் பெரும்பகுதி நெய்யிலேயே தங்கும். முருங்கைக் கீரை இடுவது நெய்க்கு நல்ல மணத்தைத் தருமேயன்றி, கெட்ட வெண்ணெயைத் திருத்தாது. 1937-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட அக்மார்க் முறையில் நெய்யைத் தரம் பிரிக்க இவ்வமிலத்தையும் அளக்கிறார்கள். வியாபாரியின் மூக்கு அறிவதும் இதனையே.

ஆதலால் சந்தை நாளுக்குக் காத்திராமல், இரண்டு நாளுக்கு ஒருமுறை உருக்கி நெய்யாகச் சேர்ப்பதே இலாபம். விறகு சிறிது அதிகம் செலவாகும். விலையில் விழும் குறைப்பைக் கணக்கிட்டால் அது பெரிதன்று. கொதியின் சலசலப்பு அடங்கி, அடியிலுள்ள கசண்டு இளம்பழுப்பாகும் தருணத்தில் இறக்க வேண்டும். முன்னமே இறக்கினால் நீர் மிஞ்சி நெய் கெடும். கசண்டு கருகினாற் கசக்கும். வடிகட்டிய நெய்யை ஈரமற்ற பாத்திரத்தில் வாய்வரை நிரப்பி மூடினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்கும். புதிய நெய்யைப் பழையதன்மேல் ஊற்றாமல் தனிப் பாத்திரத்தில் வைத்து, உருக்கிய தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டுதல் நலம்.